துளி இருக்கட்டும், கையை எடுத்துடுங்க

இன்று காலை உன் துணியை எடுத்துக் கணினித் திரையைத் துடைத்தேன். சாரல் தொடங்கிவிட்டது. மேலகரத்தில் கொடியில் போட்டது எதுவும் காயவில்லை. உன் துணியும் அப்படித்தான், பாதி காய்ந்த வாடை. அதற்கு அடியில் உன் கேமராப் பையில் எப்போதும் கிடக்கும் கற்பூரக் கட்டியின் வாடை. உன் அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துண்டு அது. கடையில் விற்கிற துணியெல்லாம் லென்ஸைக் கீறிவிடும் என்று சொல்லி, அந்த மனுசர் காவல் நிலையத்துக்கு டூட்டிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து நீ கிழித்தது.

துடைத்து முடிக்கவும் விவேக்கிடமிருந்து செய்தி வந்தது. "துளி அருமைங்க. அதுவே இருக்கட்டும். அந்தக் கையை மட்டும் எடுத்துடுங்க. சாயங்காலத்துக்குள்ள வேணும்."

அது உன் கை.

விவேக்கை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு கிடைத்த வேலை இது. பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனி, வீடியோ கேம் செய்கிறார்கள். அவர் ஈரோட்டுக்காரர், என் வேலையை மேற்பார்க்கிறவர். நான் வீட்டிலிருந்தே ஒளியும் தண்ணீரும் புகையும் செய்து அனுப்புகிறேன். கேமில் ஒரு பெண் வருகிறாள். காணாமல் போன தன் பசுவைத் தேடி மலையெல்லாம் அலைகிறாள். ஆடுகிறவர் அவள் கண் வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்ப்பார். அவளிடம் ஒரு கம்பும் ஒரு கயிறும் இருக்கின்றன. கேமரா கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள். என் எரிச்சல் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

அவள் ஓர் அருவிக்கு வருகிறாள். அதைச் செய்கிற பொறுப்பு எனக்கு. எனக்குத் தெரிந்த அருவி ஒன்றுதான், அதையே செய்தேன். பாறை, பாசி, தண்ணீர் விழுந்து எழும்புகிற புகை, குரங்கு உட்பட எல்லாம் சரியாக வந்திருந்தது. பார்த்துவிட்டு விவேக் அனுப்பிய திருத்தங்களைக் கேள். அவள் அருவியை நெருங்கினால் திரையில் நீர்த்துளி விழ வேண்டுமாம். துளிக்குப் பின்னால் இருப்பது வளைந்து தெரிய வேண்டுமாம். மேலே பார்த்தால் சூரியனிலிருந்து வளையம் வளையமாக ஒளி வழிய வேண்டுமாம். ஓடினால் எல்லாம் இழுபட்டு மங்க வேண்டுமாம். கடைசியில் ஒரே வார்த்தை: "சினிமாட்டிக்கா."

மாடு தேடுகிறவளின் கண்ணில் எவன் லென்ஸ் மாட்டினான்? எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து உன் வீடு வரைக்கும் நடந்துவிட்டேன். பழக்கம். கேட்டுக்குப் பக்கத்தில் போன பிறகுதான் நீ இல்லை என்பது மண்டையில் ஏறியது. செத்துப்போனவர்கள்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். எனக்கு வருகிறது. இந்தச் சண்டையைப் போட வேண்டியவள் நீ. பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

கல்யாண வீடியோ எடுத்த நாளில் நீ துளியோடு பட்ட பாடு எனக்குத் தெரியும். தென்காசிப் பக்கத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மறுநாள் மாப்பிள்ளையையும் பெண்ணையும் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் அருவிக்கு முன்னால் நிறுத்தியாக வேண்டும். மதுரையிலிருந்து வருகிற வீடியோக்காரர்கள் ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுப்பார்கள். குளிர்ந்த லென்ஸில் ஈரக்காற்று பட்டதும் முழுக்கப் பனி பிடித்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி பிடிக்கும். பெண்ணின் மேக்கப் கரைகிற வரைக்கும் துடைத்துக்கொண்டிருப்பார்கள். நீ ஆட்டோவில்தான் போவாய், பையைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு. கேட்டால், "வழியெல்லாம் காத்து குடிச்சிட்டு வரட்டும்ட்டி" என்பாய். அங்கே போனதும் அருவியை நேருக்கு நேர் வைக்க மாட்டாய். ஒரு பக்கமாக ஒதுக்கி, காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து, அதற்கு முதுகைக் கொடுத்து நிற்பாய். துணி இடது மணிக்கட்டில் கட்டியிருக்கும். பேசிக்கொண்டே துடைப்பாய், திட்டிக்கொண்டே துடைப்பாய்.

திருவேங்கடத்திலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளையின் பெரியப்பாவை நீ நடித்துக் காட்டுவது ஞாபகம் இருக்கிறதா? வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, அம்புட்டுப் பக்கத்துல போய் நின்னிருக்கோம். ஒரு சொட்டுத் தண்ணிகூட மேல தெறிச்ச மாதிரி இல்லையே. நாங்க அருவிக்குப் போனோம்னு எங்க ஊர்ல எவன் நம்புவான்?"

"அண்ணாச்சி, பொண்ணு மூஞ்சி தெரியணுமா, தண்ணி தெரியணுமா?"

"ரெண்டும் தெரியட்டும் தாயி."

அந்த 'ரெண்டும் தெரியட்டும்' நமக்குள் எத்தனை நாள் ஓடியது. எதற்கெடுத்தாலும் அதைச் சொல்லிச் சிரித்தோம். அன்றைக்கு எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. இன்றைக்கு அந்தப் பெரியப்பா பெங்களூரில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார்.

பிறகு நீ சென்னைக்குப் போனாய். சினிமாவில் ஃபோகஸ் பார்க்கிற வேலை. யார் முகம் தெளிவாக இருக்க வேண்டும், யார் மங்க வேண்டும் என்று லென்ஸின் வளையத்தைத் திருப்புகிறவள். அங்கிருந்து போன் செய்து நீ கத்திய ஒரு நாளை மறக்க முடியாது. கதாநாயகன் மொட்டை மாடியில் நடந்து வருகிற காட்சி. எதிர்வெயில் லென்ஸில் விழுந்து வட்டம் வட்டமாகத் தெறிக்கிறது. ஒளிப்பதிவாளர் காலையிலிருந்து எல்லோரையும் வறுத்தெடுக்கிறார். கறுப்புத் துணி கட்டிய சட்டத்தை நீ தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அந்த வெளிச்சம் லென்ஸில் படாமல் மறைத்து நின்றாய். தோள்பட்டை விட்டுப்போனது. ஒரு வழியாகச் சுத்தமாக எடுத்து முடித்தார்கள். படம் வெளிவந்த பிறகு போய்ப் பார்த்தால், அதே காட்சியில் அதே வட்டங்கள். எடிட்டிங்கில் கம்ப்யூட்டரில் வரைந்து போட்டிருந்தார்கள்.

"ஏட்டி, வேண்டாம் வேண்டாம்னு வெரட்டினதை வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டிருக்கானுவ. என் தோள்பட்டைக்கு யாருட்டி பதில் சொல்லுவா?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

ஊருக்கு வருகிற போதெல்லாம் என் வீட்டில் உட்கார்ந்து கேம் ஆடுவாய். ஆடுவது எங்கே, குறை கண்டுபிடிப்பதுதான். ஒரு நாள் நான் செய்த மலைக்காட்சி ஒன்றைக் காட்டினேன். தூரம் மங்கி, பக்கத்துப் புல் தெளிவாக, சினிமா மாதிரியே வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமை. நீ முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாய்.

"நான் அந்த மலையப் பாக்கேன். இது எதுக்கு அதை மங்கலாக்குது?"

"நடுவுல என்ன இருக்கோ அதுதான் தெளிவாத் தெரியும். மலையைப் பாக்கணும்னா மலைக்கு நேரா திருப்பு."

"நான் திருப்பல. என் கண்ணுதான் அங்கன போகுது. என் கண்ணு எங்கன இருக்குன்னு உன் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்?"

"படத்துல நீ செய்யலையா?"

"படத்துல நான் திருப்பினா, இங்கன பாருன்னு அர்த்தம். பாக்கிறவன் நாற்காலியில ஒக்காந்திருக்கான், நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். நீ என்னன்னா அவனை எங்க வேணா போலேன்னு அவுத்துவிட்டுட்டு, கண்ணை மட்டும் கட்டி வச்சிருக்கே."

நான் விடவில்லை. சனங்கள் அருவியையும் போரையும் புயலையும் நேரில் பார்த்ததைவிடப் படத்தில் பார்த்ததுதான் அதிகம், துளி விழுந்தால்தான் அவர்களுக்கு நனைந்த மாதிரி இருக்கும் என்றேன். நனைய வேண்டுமென்றால் சத்தத்தைக் கூட்டு, பாறையை வழுக்கவிடு, அவள் சேலையைக் காலில் ஒட்டவை, துளி எதற்கு என்றாய் நீ. அம்மா காபியோடு வந்து, "ரெண்டு பேரும் என்ன எளவுக்கு இப்படிக் கெடந்து கத்துதீங்க" என்று கேட்கிற வரைக்கும் கத்தினோம். வெளியே போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே நீ ஒன்று சொன்னாய். "லென்ஸ்ல துளி விழுந்தா, அங்கன ஒருத்தி நின்னான்னு அர்த்தம். உன் கேம்ல யாருட்டி நிக்கா?"

பதிலை யோசித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை மடக்கலாம் என்று இருந்தேன்.

போன வருஷச் சாரலில் நீ வந்தபோது குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டியது. போலீஸ் கயிறு கட்டி யாரையும் குளிக்க விடவில்லை. நாம் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றோம். அருவி ஒன்றைச் செய்து பழக மாதிரி வேண்டுமே என்று உன்னை வீடியோ எடுக்கச் சொன்னேன். நீ எடுத்தாய். வீடியோவில் நான் கையை ஆட்டி, தண்ணீர் எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று என்னவோ அளந்துகொண்டிருக்கிறேன். காற்று திரும்பி, ஒரு துளி லென்ஸில் வந்து சரியாக என் முகத்தின்மேல் உட்கார்கிறது. என் மூக்கும் கண்ணும் ஒரு பக்கமாக வழிகின்றன. உன் குரல் கேட்கிறது. "நில்லுட்டி, துளி." நான் பேச்சை அப்படியே நிறுத்திக்கொண்டு நிற்கிறேன். உன் கை வருகிறது. மணிக்கட்டில் கட்டிய துணியின் நுனி, கட்டைவிரலில் படப்பிடிப்பு விளக்கு சுட்ட கறுப்புத் தழும்பு. ஒரு தடவை வட்டமாகத் துடைக்கிறது, போய்விடுகிறது. "ம், சொல்லு" என்கிறாய். நான் சொல்கிறேன்.

அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். தென்காசியில் பார்த்து, திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், நான் அங்கே வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதையும் உன்னிடம் சொல்லித் தீர்க்க வேண்டும். உன் அம்மா படம் கேட்டார்கள். மாலை போட்டு வைக்க ஒரு படம். உன் மொபைல், என் மொபைல், உன் லேப்டாப், மூன்றையும் குடைந்தேன். நான் இருக்கிறேன், உன் அம்மா இருக்கிறார்கள், தெரு நாய் இருக்கிறது, ஊரில் உள்ள அத்தனை மாப்பிள்ளை பெண்ணும் இருக்கிறார்கள். நீ இல்லை. யார் எடுக்க வந்தாலும் 'லைட் சரியில்லை, கோணம் சரியில்லை' என்று கேமராவைப் பிடுங்கிக்கொள்வாய். கடைசியில் உன் ஆதார் அட்டையில் இருந்த மூஞ்சியைப் பெரிதாக்கிக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள். கட்டம் கட்டமாக உடைந்த முகம். குத்துக்கல்வலசை வரைக்கும் ஒட்டியிருந்தார்கள். ஃபோகஸ் பார்த்துப் பிழைத்தவளுக்கு ஃபோகஸே இல்லாத படம். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது எம் பிள்ளை மாதிரியே இல்லையே" என்று என்னிடம் கேட்டார்கள்.

அன்றைக்குத்தான் உன் பையை என்னிடம் கொடுத்தார்கள். "இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும் தாயி. நீ கொண்டு போ." பைக்குள் துணி இருந்தது. வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைப் போட்டேன். உயிரோடு அசைகிற நீ என்று என்னிடம் இருப்பது அந்தக் கை மட்டும்தான். அதுவும் துளி விழுந்ததால் வந்தது. விழாமல் இருந்திருந்தால் அதுகூட இல்லை.

துளி எப்படி வழியும், எப்படி வளைக்கும் என்பதற்கு மாதிரி அனுப்பச் சொல்லி விவேக் கேட்டுக்கொண்டே இருந்தார். தட்டிக் கழித்தேன். பிறகு தோன்றியது, அவரே பார்க்கட்டும். துளி விழுந்தால் ஒருத்தி துடைக்க வருகிறாள், அவள் நிற்கிற இடத்தில்தான் துளி விழுகிறது, இதைப் பார்த்தால் புரியும் என்று நினைத்தேன். வாயால் சொல்லி விளங்காததை வீடியோ விளக்கும் என்று நம்பி அனுப்பினேன். அதிலிருந்து பிடித்து, துளியும் அதைத் துடைக்கிற கையுமாக ஒரு மாதிரிக் காட்சியும் செய்து அனுப்பினேன். அதற்கான பதில்தான் இன்று காலையில் வந்தது.

மதியம் போனில் கூப்பிட்டேன்.

"விவேக், அவ கையில கேமராவே இல்லையே. துளி எதுல விழுது?"

"ஸ்கிரீன்ல விழுதுங்க."

"ஸ்கிரீன் ஆடுறவர் வீட்டுல இருக்கு. அருவி மலையில இருக்கு."

"நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. எல்லா கேம்லயும் இருக்குதுங்க. ஆடிப் பாத்தவங்க துளி இல்லாம ஏதோ குறையுதுன்னு சொல்றாங்க. எனக்கும் மேல பதில் சொல்லணும்ல?"

"கண்ணுல தண்ணி பட்டா இப்படியா தெரியும்? கண்ணை மூடித் தொடைப்போம், அவ்வளவுதானே?"

"அதைக் காட்டினா ஆடுறவங்களுக்கு எரிச்சல் வரும்ங்க."

"சரி, துளி வேணும்னா கையும் இருக்கட்டும். யாரோ தொடைக்கிறாங்கன்னு தெரியட்டும்."

அவருக்கே உரிய மரியாதையோடு கேட்டார். "அது யார் கைங்க? கதையில அப்படி ஒருத்தங்க இல்லையே."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கதையில் அப்படி ஒருத்தி இல்லை என்று அவர் சொன்னது சரி. உன் கேள்வியைத்தான் அவர் என்னிடம் திருப்பிக் கேட்டார், தான் என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே. போனை வைத்துவிட்டேன். உன்னை மடக்க நான் யோசித்து வைத்திருந்த பதில்கள் எதுவும் அவரிடம் செல்லுபடியாகவில்லை.

சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்தேன். உன் கையை அந்தக் காட்சியிலிருந்து வெட்டி எடுப்பது பெரிய வேலை இல்லை. எனக்கு அது தெரியும், விவேக்குக்கும் தெரியும். மவுஸை அதன்மேல் கொண்டுபோனேன். தழும்பு தெரிந்தது. கையை விட்டுவிட்டு, துளி விழுகிற வசதியையே அணைத்தேன். விவேக்குக்கு எழுதினேன்.

"கையை எடுக்க முடியாதுங்க. அதனால துளியை எடுத்துட்டேன். தொடைக்க ஆள் இல்லாத இடத்துல துளி விழ வேண்டாம்."

அவர் சண்டை போடவில்லை. தன் பக்கத்திலிருந்தே அந்த வசதியை மறுபடி போட்டு, கேமைப் புதிதாகத் தொகுத்து அனுப்பிவிட்டார். "இப்ப ஒரு தடவை ஆடிப் பாருங்க. பிடிக்கும்" என்று கீழே ஒரு வரி.

ஆடிப் பார்த்தேன். பசுவைத் தேடுகிறவள் பாலத்தைத் தாண்டி வந்தாள். நான் செய்த தண்ணீர், நான் செய்த புகை. அருவிக்கு முன்னால் வந்து தலையை நிமிர்த்தினாள். ஒரு துளி விழுந்தது, சரியாக நடுவில். அதையும் நான்தான் செய்தேன், நன்றாகவே இருந்தது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு அசையாமல் இருந்தேன். அவளும் அருவிக்கு முன்னால் அப்படியே நின்றாள். எதற்காக நிற்கிறோம் என்று எனக்குச் சற்று நேரம் புரியவில்லை. துளி தானாகவே வழிந்து, கீழே போய், மறைந்துவிட்டது. யாரும் நில்லுட்டி என்று சொல்லவில்லை. யாரும் ம், சொல்லு என்றும் சொல்லவில்லை.

உள்ளே போய் அதை மறுபடி அணைத்துவிட்டேன். நாளைக்கு அவர் போடுவார். நான் அணைப்பேன். எத்தனை நாள் விடுவார்கள் என்று தெரியாது. இந்த அருவியை என்னிடமிருந்து பிடுங்கி வேறு யாரிடமாவது கொடுப்பார்கள். கொடுக்கட்டும். அதுவரைக்கும் மாடு தேடுகிறவள் தன் கண்ணால்தான் அருவியைப் பார்ப்பாள்.

வெளியே சாரல் கனத்துவிட்டது. உன் துணி இன்னும் காயவில்லை. கொடியில் போட மனசில்லை, இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.